கைக்குழியும் கன்னக்குழியும் - செங்கல்பட்டில் இரண்டு நோய்களின் கதை

மாமல்லபுரம் பார்க்க ரயிலில் வருகிறவர்கள் பலர் செங்கல்பட்டில் இறங்கித்தான் பஸ் பிடிக்கிறார்கள். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே திருமணி என்று ஓர் இடம் இருப்பதும், அங்கே நூறு வருட மருத்துவ வரலாறு ஒன்று இருப்பதும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கொழுப்பு மாற்று அறுவை என்றதும் நம் நினைவுக்கு வருவது சினிமா நட்சத்திரங்கள்தான். வயிற்றிலிருந்து கொழுப்பை உறிஞ்சிக் கன்னத்தில் வைப்பது, பணக்காரர் சமாசாரம் என்று நினைப்போம். ஆனால் இதன் தொடக்கம் அப்படியல்ல. 1893இல் ஜெர்மனியில் குஸ்டாவ் நாய்பர் என்ற மருத்துவர், ஒரு நோயாளியின் கையிலிருந்து சிறு சிறு கொழுப்புத் துண்டுகளை எடுத்து, முகத்தில் குழி விழுந்திருந்த தழும்பை நிரப்பினார். துண்டு பெரிதானால் பலன் குறைகிறது என்பதையும் அப்போதே கண்டார்கள். காரணம் எளிது. இடம் மாறிய கொழுப்பு, பிடுங்கி நட்ட நாற்று மாதிரி. புது இடத்தில் ரத்தக் குழாய்கள் வந்து சேரும்வரை அது தாக்குப்பிடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் கொழுப்புக்கு ரத்தம் எட்டாவிட்டால் அது செத்துக் கரைந்துபோகும். 1950 வாக்கில் அமெரிக்காவின் லிண்டன் பியர் ஆராய்ந்து பார்த்தபோது, வைத்த கொழுப்பில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சியது.

இனி திருமணிக்கு வருவோம். 1924இல் தொடங்கப்பட்ட லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இங்கேதான் இருந்தது. ராபர்ட் காக்ரேன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதன் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1940களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தன. அதுவரை ஆயுள் தண்டனை போல இருந்த நோய் குணமாகத் தொடங்கியது. ஆனால் கிருமி போன பிறகும் மடங்கிய விரல்கள் மடங்கியே இருந்தன. தட்டையான மூக்கும், உதிர்ந்த புருவமும் அப்படியே இருந்தன. குணமானவர் என்று சான்று கொடுத்தாலும் ஊர் நம்பவில்லை!

1947இல் காக்ரேனின் அழைப்பில் திருமணியைப் பார்க்க வந்தார் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர், அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர். மடங்கிய கை கொண்ட ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்தச் சொன்னார். எதிர்பாராத வலுவோடு அந்தப் பிடி இறுகியது. விரல்கள் செயலிழந்தாலும் முன்கைத் தசைகள் உயிரோடு இருக்கின்றன என்பது அந்தப் பிடியில் தெரிந்தது. அப்படியானால் நல்ல தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத தசைக்குப் பதிலாகக் கட்டலாமே! 1948இல் வேலூரில் இந்த அறுவைகள் தொடங்கின. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. தலைமுடியோடு கூடிய தோலைக் கொண்டுவந்து புருவம் அமைத்தார்கள். மூக்கையும் உள்ளிருந்து தூக்கி நிறுத்தினார்கள்.

அப்படியும் ஒரு குறை இருந்தது. முழங்கைக்குப் பின்னால் ஓடும் அல்நர் நரம்பு கெட்டால், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை வற்றிவிடும். புறங்கையில் ஆழமாக ஒரு குழி விழும். நாண் மாற்றினால் விரல் வேலை செய்யும், ஆனால் இந்தக் குழி நிரம்பாது. கடையில் காசு நீட்டும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதும் அடுத்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். இதற்குத்தான் கொழுப்பு ஒட்டு பயன்பட்டது. மேல்தோலை மட்டும் சீவிவிட்டு, அடித்தோலும் கொழுப்பும் சேர்ந்த ஒரு துண்டை எடுத்துக் குழிக்குள் வைப்பார்கள். அடித்தோலில் ரத்தக் குழாய்கள் சீக்கிரம் சேர்வதால், தனிக் கொழுப்பைவிட இது நன்றாக நிற்கும். தொழுநோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், மெலிந்தவர்கள். உறிஞ்சி எடுக்க அவர்கள் உடலில் கொழுப்பு ஏது? பிட்டம், தொடை மடிப்பு போன்ற இடங்களிலிருந்து ஒரு சிறு துண்டு கிடைத்தால் போதும் என்பது இந்த முறையின் வசதி.

1955இல் மத்திய அரசு இந்த மருத்துவமனையை ஏற்று, மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக மாற்றியது. சீரமைப்பு அறுவையும் அதன் பணிகளில் ஒன்று.

இதெல்லாம் வெறும் அழகுக்காகவா என்று கேட்கலாம். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற சட்டப் பிரிவுகள் இந்தியாவில் 2019இல்தான் நீக்கப்பட்டன. அதுவரை அந்தக் கைக்குழி ஒரு குடும்பத்தையே உடைக்கக்கூடியதாக இருந்தது.

இரண்டாவது கதை தாம்பரத்தில் நடந்தது. 2019 முதல் அதுவும் செங்கல்பட்டு மாவட்டம்தான். 1928இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய சானடோரியம், பிற்பாடு எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் புகலிடமானது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு எச்ஐவி கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மையங்களில் தாம்பரமும் ஒன்று. சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

அந்தக் கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் என்று ஒன்று இருந்தது. விலை மலிவு, உயிரையும் காத்தது. ஆனால் நாள்பட எடுத்துக்கொண்ட பலருக்குக் கொழுப்புச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்து, கன்னம், கை, கால், பிட்டம் எல்லாவற்றையும் வற்ற வைத்தது. ரகசியமாக மாத்திரை சாப்பிட்டவரைக் கன்னம் காட்டிக்கொடுத்தது. கொழுப்பு மாற்று அறுவை இங்கே தடுமாறியது. நிரப்ப வேண்டிய இடம் மட்டுமல்ல, எடுக்க வேண்டிய இடமும் காலி! குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பை உறிஞ்சவும் முடியாது. இந்தக் கன்னக்குழிக்கென்றே ஒரு நிரப்பு ஊசிக்கு 2004இல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனால் அது ஏழைகளுக்கு எட்டாத விலை. 2009இல் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மருந்தை மாற்றியவர்களுக்கு வற்றல் நின்றது. ஆனால் போன சதை மெதுவாகவும் அரைகுறையாகவும்தான் திரும்பியது.

இரண்டு நோய்களிலும் மருந்து உயிரைக் காத்தது, ஆனால் உடம்பில் விழுந்த அடையாளம் போகவில்லை. அதனால் குழியை நிரப்புவதைவிட, குழி விழாமல் தடுப்பதே மேல். உணர்ச்சியற்ற தேமலைப் பார்த்த உடனே மருத்துவரிடம் போனால் கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். நரம்பு கெடும் முன்பே மருந்து சேர்ந்துவிட்டால் அந்தக் கைக்கு அறுவையே தேவைப்படாது.