கிரிவலமும் தவணை நாளும்: ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களின் வாழ்வொழுங்கு, திருவண்ணாமலையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு - மிகையியக்கக் கோளாறு சிறுபிராயத்தோடு போய்விடும் என்ற எண்ணத்தை மருத்துவ உலகம் கைவிட்டுவிட்டது. ஆயினும் அக்கோளாறு உள்ள பெரியவர்களுக்கு நம் சூழலில் கிடைக்கும் அறிவுரை ‘மனத்தை அடக்கு’ என்ற அளவிலேயே நிற்கிறது. திருவண்ணாமலையில் வேரூன்றிய இரண்டு வழிகளை, அதாவது உள்நோக்கி அமர்தலையும் மலையை வலம்வருதலையும், ஒப்பிட்டு, வலம்வருதலின் அமைப்பே இவர்களது தேவைக்கு நெருக்கமானது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. கிரிவலத்தை ஒரு சிகிச்சையாக அது முன்வைக்கவில்லை. அந்த அமைப்பிலிருந்து அன்றாடத்துக்கு எடுத்தாளத்தக்கது எது என்பதே ஆய்வுப் பொருள்.

1. பெரியவர்களிடம் இக்கோளாறு

கவனம் நிலைக்காத மனநிலையை மருத்துவ நூலில் தனியாக எடுத்துப் பேசிய முன்னோடிகளுள் ஒருவர் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன். 1798இல் வெளிவந்த நூலில் அவர் அதை விவரித்ததோடு, வயது ஏற ஏற அது பெரும்பாலும் தணியும் என்றும் கருதினார். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய உரைகளும் குழந்தைகளைப் பற்றியவையே. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1968ஆம் ஆண்டுக் கையேடு இதைக் குழந்தைப்பருவத்தின் மிகையியக்க எதிர்வினை என்றே பட்டியலிட்டது. 1980ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வளர்ந்த பிறகும் எஞ்சி நிற்கும் வகை ஒன்று இடம்பெற்றது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, 17 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்குக் கவனக்குறைவிலோ மிகையியக்கத்திலோ ஒன்பது அறிகுறிகளுள் ஐந்து இருந்தால் போதும் என்று வரையறுத்தது. அவற்றுள் சில 12 வயதுக்குள் தோன்றியிருக்க வேண்டும். வீடு, வேலை போன்ற இரு களங்களிலாவது தெரிய வேண்டும். வாழ்க்கையைப் பாதித்திருக்கவும் வேண்டும்.

2021இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று, சிறுவயதில் தொடங்கி வளர்ந்த பிறகும் நீடிக்கும் ஏடிஹெச்டி பெரியவர்களில் 2.58 விழுக்காட்டினரிடம் இருப்பதாக மதிப்பிட்டது. இரட்டையர் ஆய்வுகளின்படி இதன் மரபுவழிப் பங்கு ஏறத்தாழ 74 விழுக்காடு. சோம்பல், பொறுப்பின்மை, வளர்ப்புக் கோளாறு என்று வீட்டிலும் தெருவிலும் தீர்ப்பெழுதுவோர் இந்த எண்ணை அறிய வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லியின் விளக்கம் இக்கட்டுரைக்கு அடிப்படையாகிறது. என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில் செய்துமுடிப்பதில்தான் தடை. நாளை மறுநாள் வரவிருப்பது இவர்களுடைய இன்றைய நடத்தையைப் போதிய அளவு இழுப்பதில்லை. உளவியலாளர் எட்மண்ட் சோனுகா-பார்க் காட்டிய இன்னொரு கூறு, காத்திருத்தலையே தாங்க முடியாமை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அறிவுரையும் உறுதிமொழியும் ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கும். அவை தெரிந்ததையே திரும்பச் சொல்கின்றன.

2. துறவிக்குள்ள சலுகை

அலையும் மனிதரை இந்த ஊர் அறியாததல்ல. 1870இல் பிறந்து, 1889இல் திருவண்ணாமலைக்கு வந்து, 1929இல் மறையும் வரை இவ்வூரிலேயே வாழ்ந்தவர் சேஷாத்ரி சுவாமிகள். ஓரிடத்தில் தங்காமல் தெருத்தெருவாகத் திரிந்தார். கடைக்குள் திடுமென நுழைந்து பொருள்களை வாரி இறைத்தார். பித்தர் என்றவர்களும் உண்டு. அவர் கை பட்டால் அன்று வியாபாரம் பெருகும் என்று காத்திருந்த கடைக்காரர்களும் உண்டு. செங்கம் சாலையில் உள்ள அவரது சமாதி இன்றும் வழிபாட்டிடம்.

அவருக்கு ஏடிஹெச்டி இருந்தது என்று சொல்வதற்கில்லை. சிறுவயது வரலாறும், இரு களங்களிலான பாதிப்பும், நேர்முக ஆய்வும் இல்லாமல் மறைந்தவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது மருத்துவத்துக்கும் பொருந்தாது, மரபுக்கும் பொருந்தாது. ஆய்வுக்குரியது ஊரின் நடத்தை. வேளைக்கு உண்ணாமை, நேரம் பாராமை, ஓரிடத்தில் நில்லாமை ஆகியவை துறவியிடம் காணப்பட்டால் பற்றற்ற நிலைக்குச் சான்று. அவையே குடும்பஸ்தரிடம் காணப்பட்டால் கரண்ட் பில் கட்டாதவர், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர மறந்தவர், வட்டிக்கு வட்டி கட்டுபவர் என்ற பெயர். பெண்ணாக இருந்தால் சொல்ல வேண்டியதில்லை: வீட்டின் நினைவாற்றல் முழுவதும் அவள் தலையில் ஏற்றப்பட்டிருக்கையில், பால் பொங்கி வழிந்தால்கூட அது அவள் குணத்தின் மீதான புகாராகிறது.

எனவே சகிப்புத்தன்மை மட்டும் போதும் என்ற வாதம் நிற்காது. துறவியைத் தாங்கியது ஊரின் சகிப்பு மட்டுமன்று. அவருக்குக் கணக்கு, கடன், தவணை எதுவும் இல்லை என்பதும் சேர்ந்துதான். தவணை உள்ளவருக்குத் தேவை வேறு.

3. அமர்தலும் நடத்தலும்

ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று இவ்வூருக்கு வந்தார். 1901-02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை எழுப்பிய வினாக்களுக்கு அவர் தந்த விடைகளே ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. எழும் ஒவ்வோர் எண்ணத்தையும் அதன் மூலத்துக்குத் திருப்பும் அந்த விசாரம், உலகெங்கிலுமிருந்து மனிதர்களை இங்கே அழைத்து வந்திருக்கிறது. அதன் ஆன்மிகப் பெறுமானம் பற்றிப் பேச இது இடமன்று. ஆனால் அதன் மங்கிய நிழலாக ஓர் அறிவுரை ஊரெங்கும் புழங்குகிறது: மனசு அலைபாய்கிறதா, கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருங்கள். ஏடிஹெச்டி உள்ளவருக்கு இது எந்தக் கருவி பழுதோ அதையே கொண்டு அதைச் சரிசெய்யச் சொல்வதாகும். உட்கார முடியாமல் எழுந்தவர், பக்தியிலும் தோற்றதாக எண்ணிக்கொண்டு போகிறார்.

தியானம் இவர்களுக்கு ஆகவே ஆகாது என்றும் சொல்ல முடியாது. லிடியா சைலோவ்ஸ்காவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட முன்னோடி ஆய்வு, எட்டு வாரப் பயிற்சியில் பங்கேற்றோர் பலரிடம் அறிகுறிகள் குறைந்ததாகக் கண்டது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. எனினும் அதன் வடிவமைப்பு கவனிக்கத்தக்கது: அமரும் நேரத்தைச் சில நிமிடங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள், நடைத் தியானத்தையும் சேர்த்தார்கள். அதாவது பயிற்சியை ஆளுக்கேற்ப வளைத்தார்கள்.

நம் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று 2010இல் ஸ்டீவன் சாஃப்ரென் குழுவினர் வெளியிட்டது. மருந்து உட்கொண்டும் அறிகுறி நீங்காத 86 பெரியவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு நாட்காட்டியும் பணிப்பட்டியலும் கையாளுதல், பெரிய வேலையைச் சிறு படிகளாக்குதல், கவனம் சிதறும் வேளையைச் சமாளித்தல் முதலியவற்றை உள்ளடக்கிய அறிவாற்றல் - நடத்தைச் சிகிச்சை; மறு பிரிவுக்குத் தளர்வுப் பயிற்சியும் நோய் குறித்த விளக்கமும். முதல் பிரிவே கூடுதல் பயன் பெற்றது. மனத்தை அமைதிப்படுத்துவதைக் காட்டிலும் செயலைச் சுற்றியுள்ளவற்றை ஒழுங்குபடுத்துவது பலன் தருகிறது என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்கது.

4. கிரிவலத்தின் அமைப்பு

ரமணரே 1926 வரை மலையை வலம்வந்தவர். பிறருக்கும் அதைப் பரிந்துரைத்தவர். சமயப் பொருளை ஒதுக்கிவைத்து, கிரிவலத்தை ஒரு செயல்திட்டமாக மட்டும் பார்த்தால் நான்கு கூறுகள் புலப்படும்.

முதலாவது, முடிவெடுக்கும் சுமை இல்லை. பாதை ஒன்று, திசை ஒன்று. மலை எப்போதும் வலக்கைப்பக்கம். எங்கே தொடங்குவது, எப்படிப் போவது என்று யோசித்தே பொழுதைத் தொலைக்க வழியில்லை.

இரண்டாவது, பெரிய தொலைவு பகுக்கப்பட்டிருக்கிறது. 14 கிலோமீட்டர் என்றால் மலைப்பு. இந்திர லிங்கம் கழிந்தால் அக்னி லிங்கம், அடுத்து எமலிங்கம், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என்று எட்டு நிறுத்தங்களாகும்போது, அடுத்தது எப்போதும் எட்டும் தொலைவில். ஒவ்வொன்றிலும் திருநீறு கிடைக்கிறது. முடித்ததற்கான அடையாளம் உடனே நெற்றியில்.

மூன்றாவது, நாளை மனிதர் தேர்ந்தெடுப்பதில்லை. பவுர்ணமி வந்துவிடுகிறது. கார்த்திகை தீபத்தில் இது உச்சம் பெறுகிறது: அதிகாலையில் பரணி தீபம், மாலை ஆறு மணியளவில் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்களே காட்சி தர, 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம். கொப்பரை, நெய், திரி எல்லாம் அதற்கு முன்பே மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

நான்காவது, துணை. முன்னும் பின்னும் நடப்போர் யாரும் நம்மைக் கண்காணிப்பதில்லை. ஆனால் நிற்பதைவிட நடப்பதே எளிதாகும்படி செய்கிறார்கள். ஒருவர் அருகில் உட்கார்ந்து தம் வேலையைப் பார்க்க, நாம் நம் வேலையை முடிக்கும் உத்தி ஏடிஹெச்டி உள்ளவர்களிடையே பரவலாகப் புழங்குகிறது. இது அதன் பெருங்கூட்ட வடிவம்.

வழிகாட்டல், பகுப்பு, வெளியிலிருந்து வரும் காலம், உடனிருப்பு ஆகிய இந்நான்கும் பார்க்லி வலியுறுத்தும் புற ஏற்பாடுகள்தாம். அவை தலைக்குள் இருந்து பயனில்லை. செயல் நடக்கும் இடத்திலும் நேரத்திலும் இருக்க வேண்டும்.

5. பவுர்ணமிக்கு மறுநாள்

பூசைப்பொருள் கடைக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். எவரையும் குறிக்காத மாதிரி அவர். பவுர்ணமி இரவில் நாலு பேர் வேலையைத் தனியாளாகச் செய்வார். கற்பூரம், நெய் விளக்கு, சில்லறை, கூகுள் பே என்று கை ஓயாது. மறுநாள் கல்லாவுக்குக் கீழே பில்கள் குவியும். மாதம் தவறாமல் 20ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜிஎஸ்டி கணக்கு தவறும். நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். பணமும் இருக்கிறது, திறமையும் இருக்கிறது. கூட்டமும் நெருக்கடியும் விலகியதும் வேலையை இழுத்துச்செல்லும் விசையும் விலகிவிடுகிறது.

இவருக்குப் பவுர்ணமியையே கணக்கு நாளாக வைத்தால் உதவாது. திதி ஆங்கிலத் தேதியோடு ஒட்டாமல் நகர்வதால், அது சில மாதங்களில் 20ஐத் தாண்டிவிடும்; கடையும் அன்றுதான் நெரிசல். பிரதோஷம் பொருந்தும். ஏறத்தாழ பதினைந்து நாளுக்கொன்று வருவதால், எந்த மாதத்திலும் 20க்குள் ஒன்றாவது விழும். மாதத்தின் முதல் பிரதோஷத்தன்று மதியம், கோயிலில் கூட்டம் சேருமுன், பில் பெட்டியைத் திறப்பது; மைத்துனரோ மகளோ எதிரில் உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கித் தருவது; மூன்று மணிக்கு ஆடிட்டர் அலுவலகப் பையன் வந்து வாங்கிப்போவது என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். கொடுத்த கையோடு நந்தி அபிஷேகத்துக்குப் போகலாம். கிரிவலத்தின் நான்கு கூறுகளும் இதில் உண்டு. பலனும் அன்றைக்கே கிடைக்கிறது. அவருக்குப் புதிய மனவுறுதி எதுவும் தேவைப்படவில்லை.

6. மறுப்புகள்

இது மருந்தை ஒதுக்கும் வாதம் என்று சொல்லப்படலாம். அப்படியன்று. சாஃப்ரென் ஆய்வில் பங்கேற்றோர் மருந்து உட்கொண்டவர்களே. 2018ஆம் ஆண்டின் விரிவான ஒப்பீட்டாய்வு பெரியவர்களுக்கு ஆம்பெட்டமின் வகையை முன்னிறுத்தியது. இந்தியாவில் முக்கியமாகப் பயன்பாட்டிலுள்ளவை மெதில்பெனிடேட்டும் அடமாக்ஸெட்டினும். முதலாவது போதைப்பொருள் - மனமயக்கப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. மனநல மருத்துவரின் சீட்டும், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றின் கண்காணிப்பும் வேண்டும். வெறுங்காலோடு மலை சுற்றுவது இவற்றுக்கு மாற்றாகாது. மருந்து தொடங்கும் சிரமத்தைக் குறைக்கலாம். எதைத் தொடங்குவது என்பதை அது சொல்லாது.

இரண்டாவது மறுப்பு: இத்தகைய ஏற்பாடு குடும்பத்தின் மீது, குறிப்பாகப் பெண்கள் மீது, கூடுதல் வேலையைச் சுமத்தாதா? சுமத்தும், அது உறவின் தயவாகவே நின்றுவிட்டால். ஆகவேதான் உரிமை பற்றிய கேள்வி எழுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. ஏடிஹெச்டி பெயர் சொல்லி இடம்பெறவில்லை. எழுத்தில் தரப்படும் வேலைக் குறிப்பு, நெகிழ்வான வருகை நேரம், இடைத் தவணை போன்றவற்றை அலுவலகத்தில் கோருவதற்குப் பற்றுக்கோடு அந்த அளவுக்கு மெலிந்துவிடுகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். ஆனால் தம் நிலைக்கு ஒரு பெயர் உண்டு என்றே அறியாதவர் அந்த எண்ணை அழைப்பதில்லை.

7. முடிவு

ஏடிஹெச்டியோடு நன்றாக வாழ்தல் என்பது அலையாத மனத்தைப் பெறுவதைச் சார்ந்ததன்று. அலையும் மனத்தை வைத்துக்கொண்டே வேலை முடியும்படி காலத்தையும் வரிசையையும் துணையையும் வெளியே நிறுவுவதைச் சார்ந்தது. இதைச் செய்துகாட்டும் அமைப்பு திருவண்ணாமலையில் மாதந்தோறும் இயங்குகிறது. அதைப் புண்ணியக் கணக்கில் மட்டும் சேர்த்துவிட்டு, தடுமாறும் பெரியவரிடம் கண்ணை மூடி உட்காரச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வாதம் சோதனைக்கு உட்பட்டது. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழி, ஒரு குழுவுக்குத் தளர்வுப் பயிற்சியும், மறு குழுவுக்கு உள்ளூர்ப் பஞ்சாங்க நாள்களையொட்டிய செயலொழுங்குப் பயிற்சியும் தந்து ஒப்பிடலாம். அறிகுறி அளவைகளோடு வேறு சிலவற்றையும் அப்போது அளக்க வேண்டும்: கட்டிய தாமதக் கட்டணம், தவறிய வேலை நாள், மறதியால் வீட்டில் மூண்ட சண்டை. இவை குறையவில்லையென்றால் இக்கட்டுரையின் வாதம் தோற்றது என்று கொள்ளலாம்.