நம் குடாநாட்டுக் கோச்சி

யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி கொழும்பிலிருந்து வந்தது என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். உண்மை வேறு. அது முதலில் நம் குடாநாட்டிலேயே தனிப் புகையிரதமாகப் பிறந்தது. 1902 மார்ச் 11இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே சேவை தொடங்கியது; அவ்வாண்டு செப்டெம்பரில் பாதை பளை வரை நீண்டது. தென்னிலங்கைப் பாதையோடு தொடர்பின்றி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அது தனித்தே ஓடிற்று. ஆகவே இயந்திரம், பெட்டி, தண்டவாளம் யாவும் கடல்வழியாகவே வந்திறங்கவேண்டியிருந்தன. வன்னிக் காட்டை ஊடறுத்து இரு முனைகளும் பொருந்திய பின்னரே, 1905 ஆகஸ்ட் 1இல் கொழும்புக் கோச்சி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது.

அதன் பின் நம்மவர் வாழ்வே அப்பாதையோடு பிணைந்துவிட்டது. புகையிலைச் சிப்பங்கள் தெற்கே போயின. கொழும்பிற் கந்தோர் உத்தியோகம் பார்த்தவர்கள் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் ஊர் திரும்பினர். கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என நிலையங்கள் நெருங்கி நின்றன. மாவிட்டபுரத்தில் இறங்கிய அடியார் கந்தனை வணங்கி, ஆடி அமாவாசையன்று கீரிமலைக்கு நடந்தே சென்றனர். வடமராட்சியாருக்கு மட்டும் இப்பாக்கியம் வாய்க்கவில்லை. அவர்களின் மனக்குறை இன்றும் தீர்ந்தபாடில்லை!

1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கினாள். அவ்வாண்டிலேயே தனிச்சிங்களச் சட்டமும் வந்தது. விரைவு வண்டி கிடைத்த ஆண்டிலேயே, அதில் ஏறிச் சென்று பார்க்கும் உத்தியோகம் நம்மவர் கையை விட்டு நழுவத் தொடங்கியது. இப்பாதையின் வீழ்ச்சியைப் போரிலிருந்தே கணக்கிடுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1985 சனவரியில் யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்குள்ளாயிற்று. உயிர்கள் பல போயின. 1990 சூனில் யாழ்ப்பாணச் சேவை அடியோடு நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. இருபத்துநான்கு ஆண்டுகள்! அக்காலத்திற் குடாநாட்டிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோச்சி பாடப்புத்தகப் படமாகவே இருந்தது.

இந்தியக் கடனுதவியுடன் பாதை மீள அமைக்கப்பட்டு, 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாண நிலையத்துக்கு வண்டி வந்தபோது நாம் பாடசாலைச் சிறுவர். கூட்டத்துள் முண்டியடித்துக்கொண்டு இயந்திரத்தைப் பார்த்தோம். நம் பேரனாரோ அதனைப் பார்க்கவில்லை. வடக்கே, தாம் 1990இல் விட்டு வந்த ஊர்ப் பக்கமாகத் தண்டவாளம் எதுவரை போகின்றது என்றே பார்த்து நின்றார். காங்கேசன்துறை வரையான பகுதி 2015 சனவரி 2இல் திறக்கப்பட்டது. அன்று வண்டி அங்கே போயிற்று. ஆனால் நிலையத்தைச் சூழ்ந்த காணிகள் பல உயர்பாதுகாப்பு வலயத்துள்ளேயே கிடந்தன.