காரைக்காலிலிருந்து பாரிஸுக்கு

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் அதற்கான இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பும் ஊர்க்காரர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் முஸ்லிம்களும் உண்டு. முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனில் கடை நடத்திய உறவினர்கள் வழியாகவும் பிரெஞ்சு ஆட்சி அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.

அவர்களில் சிலர் குடியேறிய பாரிஸில் பெரிய பள்ளிவாசல் 1926 முதலே இருந்தது. ஆனால் அங்கே பெரும்பான்மை வட ஆப்பிரிக்கர்கள், மாலிக்கி மரபினர். காரைக்காலின் மரைக்காயர் முஸ்லிம்களோ ஷாஃபி மரபினர். தொழுகையில் ஷாஃபி கைகட்டி நிற்க, பக்கத்தில் நிற்கும் மாலிக்கி கையைத் தொங்கவிட்டிருப்பார். சுபுஹ் என்னும் வைகறைத் தொழுகையில் ஷாஃபிகள் ருகூவுக்கு (குனிதலுக்கு)ப் பின் கையேந்தி குனூத் என்னும் வேண்டுதலை ஓதுவார்கள். மாலிக்கிகள் ருகூவுக்கு முன்பே மெதுவாக ஓதிவிடுவார்கள். மேலைநாட்டு முஸ்லிம்களை ஒரே அச்சில் வார்த்தவர்களாகப் பேசுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒரு தொழுகை வரிசையே சாட்சி.

ரமலான் ஜூனில் வந்தால் நோன்பு பெரும் சோதனை. காரைக்காலில் ஆறரை மணி வாக்கில் நோன்புக் கஞ்சி கைக்கு வந்துவிடும். பாரிஸில் இரவு பத்தை நெருங்கும்.

அதைவிடக் கடினம் பள்ளிக்கூட வாசல். பிரான்ஸின் அரசுப் பள்ளிகளில் எடுப்பான மதச் சின்னங்களை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. முக்காட்டுடன் வரும் மாணவி அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பதின்ம வயதுப் பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை.

மய்யித்தை (இறந்தவர் உடலை) அடக்குவதிலும் சிக்கல் உண்டு. பாரிஸை அடுத்த பொபினியில் 1937இல் முஸ்லிம் அடக்கத்தலம் திறந்தார்கள். மற்ற ஊர்களில் பொது இடுகாட்டில் முஸ்லிம்களுக்குத் தனிப்பகுதி ஒதுக்குவது இன்றும் அந்தந்த மேயரின் விருப்பத்தைப் பொறுத்தது.