பாத்திரக்கடையில் காந்தம்

எவர்சில்வர் வாங்கப் போகும்போது கையோடு ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு போன தலைமுறை நம்முடையது. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால்தான் அசல். கடைக்காரர்களே காந்தத்தை வைத்துக் காட்டி விற்றதும் உண்டு. இன்று இன்டக்‌ஷன் அடுப்புக்குப் பாத்திரம் வாங்கப் போகிறவரும் காந்தத்தோடுதான் போக வேண்டியிருக்கிறது. ஆனால் ஒட்டாததை ஒதுக்கிவிடுகிறார்!

எவர்சில்வரிலும் பெரும்பங்கு இரும்புதான். 1912-ல் ஜெர்மனியின் க்ரூப் நிறுவனம் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த உருக்குக்குக் காப்புரிமை பெற்றது. மறு ஆண்டு இங்கிலாந்தில், ஷெஃபீல்டில், ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத உருக்கில் குரோமியம் உண்டு, நிக்கல் இல்லை. அது கத்திக்கு ஆயிற்று, காந்தமும் ஒட்டும். நாம் உயர்வாக நினைத்த பாத்திரமோ 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் சேர்ந்த ஜெர்மன் வழி. அந்த நிக்கல்தான் காந்தத்தை ஒட்டவிடாமல் செய்கிறது.

அறுபது, எழுபதுகளில் பித்தளை அண்டாவையும் வெங்கலப் பானையையும் எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிய வீடுகள் எத்தனை! புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம் என்று பெண்களுக்கு நிம்மதி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தேய்த்தவர்களுக்குத்தானே கைவலி தெரியும்.

2012 செப்டம்பரில் மானிய விலை சிலிண்டர் ஆண்டுக்கு 6 மட்டுமே என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. (பிறகு 9 ஆகி, 12 ஆனது.) இன்டக்‌ஷன் அடுப்பு நம் வீடுகளுக்குள் வேகமாக நுழைந்தது அப்போதுதான். அதே ஆண்டில்தான் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு என்பது வேறு கதை.

இந்த அடுப்பில் தீயும் இல்லை, சிவக்கும் கம்பியும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே செம்புச் சுருள். அதில் ஓடும் மின்சாரம் வேகமாக மாறிமாறி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, அது பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தை எழுப்புகிறது. பாத்திரம் தானே சுடுகிறது. இதற்கு ஏற்றது இரும்பு. செம்பு, பித்தளை, வெங்கலம், அலுமினியம் எல்லாம் மின்சாரத்தைத் தடையில்லாமல் ஓடவிடுவதால் போதிய சூடு பிறப்பதில்லை. பழைய அலுமினிய குக்கரை வைத்தால் அடுப்பு கூவிவிட்டு அணைந்துவிடும். புதிய குக்கர்களின் அடியில் காந்தம் ஒட்டும் எஃகுத் தகட்டைப் பதித்து விற்பது இதனால்தான்.

ஆக, சீராக வந்த கனமான எவர்சில்வர் தோற்றது. பரணில் கிடந்த இரும்பு தோசைக்கல் தேறிவிட்டது! அடி தட்டையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழிந்த வாணலி சரியாக உட்காராது.

வெங்கலப் பானையை விட மனமில்லாதவர்களுக்கு இன்ஃப்ராரெட் அடுப்பு இருக்கிறது. அது சிவந்து சுடுவது, காந்தம் பார்ப்பதில்லை. ஈயச்சொம்பை மட்டும் அதில் வெறுமனே வைத்துவிடாதீர்கள். ஈயம் என்று நாம் சொல்லும் அந்த வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். விறகடுப்பானாலும் கேஸானாலும் ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் அதை ஏற்றினோம், இதிலும் அப்படித்தான்.