26-ஆல் வகுத்தால் வாரப்பணம்

அமெரிக்காவில் வேலை பறிபோனவர் முதலில் கேட்பது, "வாரம் எவ்வளவு வரும்?" என்றுதான். பல மாநிலங்களில் கணக்கு இதுதான்: அதிகம் சம்பாதித்த காலாண்டின் சம்பளத்தை 26-ஆல் வகுக்க வேண்டும். காலாண்டுக்கு 13 வாரம். ஆகவே வருவது வாரச் சம்பளத்தில் பாதி. மூன்று மாதத்தில் 7,800 டாலர் வாங்கியவருக்கு 300 டாலர்.

அந்தப் பாதிக்கு ஒரு கதை உண்டு. 1911-இல் பிரிட்டன் கொண்டுவந்த வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம் சம்பளத்தையே பார்க்கவில்லை. சந்தா கட்டியவர்களுக்கு ஒரே தொகை: வாரம் 7 ஷில்லிங். ஐந்து வாரச் சந்தாவுக்கு ஒரு வார உதவி.

விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் காமன்ஸ் வேறு விதமாக யோசித்தார். விபத்துக்கு முதலாளியே நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான் ஆலைகளில் பாதுகாப்பு வந்தது. ஆட்குறைப்புக்கும் அவரே பணம் கட்டட்டும், வீட்டுக்கு அனுப்புமுன் ஒருமுறை யோசிப்பார் என்றார். 1921 முதல் அவர் தரப்பு மசோதாக்கள் தோற்றுக்கொண்டே இருந்தன. பெருமந்தம் வந்த பிறகு, அவருடைய மாணவர் ஹெரால்டு குரோவ்ஸ் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா 1932 ஜனவரியில் சட்டமானது. வாரச் சம்பளத்தில் பாதி, தொடக்கத்தில் அதிகபட்சம் 10 டாலர், பத்து வாரம்.

மற்ற மாநிலங்கள் தயங்கின. வரி போட்டால் ஆலைகள் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்ற பயம். 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதை உடைத்தது. மத்திய அரசு நாடு முழுவதும் முதலாளிகள் மேல் வரி போட்டது. சொந்தச் சட்டம் வைத்திருக்கும் மாநிலத்தில் அதில் 90 சதவீதம் வரை கழிவு. எல்லா மாநிலங்களும் சட்டம் போட்டன. 1936 ஆகஸ்டில் விஸ்கான்சினின் மேடிசன் நகரில் முதல் காசோலை எழுதப்பட்டது: 15 டாலர்.

அந்தக் காகிதக் காலத்தின் தடம் இன்றும் இருக்கிறது. முதலாளிகள் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்பும் சம்பளப் பட்டியலைத் தொகுக்க மாதங்கள் ஆகும். அதனால், முடிந்த ஐந்து காலாண்டுகளில் கடைசியை விட்டுவிட்டு முதல் நான்கையே எடுப்பது வழக்கமானது. மே மாதம் விண்ணப்பித்தால் பார்ப்பது போன வருடத்துச் சம்பளத்தைத்தான். இந்த ஜனவரியில்தான் வேலைக்குச் சேர்ந்த இளைஞருக்கு அது பெரிய அநியாயம். பல மாநிலங்கள் இப்போது அண்மைக் காலாண்டுகளையும் சேர்த்துப் பார்க்கும் மாற்று வழி தருகின்றன. தெரிந்து கேட்பது முக்கியம்.

உச்சவரம்பையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் அது 2005 முதல் 450 டாலர். காலாண்டில் 15,600 டாலர் வாங்கியவருக்கு 26-ஆல் வகுத்தால் 600. கைக்கு வருவது 450தான்.