பேர்

பெயர் என்னும் சொல் மருவிப் பேர் ஆயிற்று என்பதும், ஒருவரைச் சுட்டும் நாமம் என்ற பொருளினின்று 'பத்துப் பேர்' என ஆளையே எண்ணும் பொருளுக்கு அது விரிந்தது என்பதும் தமிழர் யாவரும் அறிந்தவை. ஆனால், பதுளை, பசறை, ஹாலி-எல முதலிய இலங்கையின் ஊவாப் பிரதேசத்துத் தேயிலைத் தோட்டங்களில் அச்சொல் வேறொரு பொருளையும் தாங்கி நிற்கிறது. அதிகாலையில் ஆட்கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கூடி மலைக்குச் செல்லும் தொழிலாளரின் நாட்கணக்கைச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பதிவதை அங்கே 'பேர் போடுதல்' என்பர். பறித்த கொழுந்து நிர்ணயித்த நிறைக்குக் குறைந்தால் விழுவது 'அரைப்பேர்', அதாவது அரைநாட் சம்பளம்.

நாமத்தைப் பாதியாக்க இயலாது, மனிதரையும் பாதியாக்க இயலாது; ஆகவே பேர் என்பது இங்கே ஒரு நாள் உழைப்பும் அதற்குரிய கூலியுமே என்பதை அத்தொடர் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. நாள் முழுதும் மழையில் நின்று கொழுந்தெடுத்த ஒரு தாய், தராசடியிலிருந்து திரும்பி, "இன்னிக்கு அரைப்பேருதான்" என்று சொல்லும்போது, அந்த ஒரு தொடரில் குடும்பத்தின் மறுநாள் அடுப்பே அடங்கியிருக்கிறது. ஈழத்து வழக்குகளைத் தொகுக்கும் அறிஞர்கள், பேர் என்னும் சொல்லின் கீழ் ஒதுக்கிவிடாது, அரைப்பேரைத் தனித் தலைச்சொல்லாகவே பதிப்பித்தல் வேண்டும்.