கல்லூரி மாணவர் அறிவுப்படிகளும் சமணர் குணத்தானங்களும்

கல்லூரிப் பருவத்தில் நூலறிவு மட்டும் பெருகுவதில்லை. அறிவு எத்தகையது என்னும் கருத்தே மாறுகின்றது. அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் பெரி என்பார் 1950களிலும் 1960களிலும் மாணவரை உசாவி, அவர்தம் கூற்றுகளை ஆராய்ந்து, 1970-இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தை 9 நிலைகளாக வகுத்தார். அவற்றை நான்கு படிகளாகத் தொகுத்துரைப்பர். சரி, தவறு என இரண்டே உள, அவற்றை ஆசிரியர் அறிவார் என்பது முதற்படி. அவரவர் கருத்து அவரவர்க்குச் சரி என்பது இரண்டாவது. சான்றும் சூழலும் நோக்கி மதிப்பிடுதல் மூன்றாவது. பலவற்றை அறிந்தபின் ஒன்றைத் தன் பொறுப்பில் தேர்ந்து வாழ்தல் நான்காவது.

சமணரின் அனேகாந்தவாதத்தை இரண்டாம் படியோடு ஒப்பிடுவாருமுளர். அது பொருந்தாது. தத்துவார்த்த சூத்திரத்திற்கு உரை வகுத்த பூச்சியபாதர் பொய்க்காட்சியை ஐந்தாகப் பகுக்கின்றார். ஒருதலையாகக் கொள்ளும் ஏகாந்தம் அவற்றுள் ஒன்று. எல்லாச் சமயங்களையும் வேறுபாடின்றி ஒப்பக் கொள்ளுதலும் ஒன்று. ஐயுற்று நிற்றலும் ஒன்று. எனவே, பெரி கூறும் முதலிரு படிகளும் சமணர் நோக்கில் மயக்கங்களே. 'சியாத்' என்பது ஐயச்சொல் அன்று. 'ஒரு நோக்கில்' எனக் கூற்றின் எல்லையைச் சுட்டுவது. குடம் தன் இயல்பால் உளது, ஆடையின் இயல்பால் இலது என்னும் இரண்டும் துணிபுகளே. ஆதலின் அனேகாந்தம் மூன்றாம் படிக்கே இணையாகும்.

இதனினும் ஆழ்ந்த ஒப்புமை குணத்தானங்களில் உள்ளது. உயிர் ஏறும் படிகள் 14. நான்காவதில் நற்காட்சி வாய்க்கும், விரதம் இல்லை. ஐந்தாவதில் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களும், ஆறாவதில் துறவியர்க்குரிய மாவிரதங்களும் அமையும். அறிதல் வேறு, அறிந்ததன்கண் நிற்றல் வேறு என்னும் இப்பகுப்பே பெரியின் மூன்றாம் படியையும் நான்காம் படியையும் பிரிக்கின்றது. வழுவுதலும் இருபாலும் உண்டு. மாணவர் இடையில் தேங்குதலையும் பழைய நிலைக்கு மீளுதலையும் பெரி குறித்தார். பதினோராம் படி எய்திய உயிரும் கீழிறங்கும் என்பர் சமணர்.

தமிழில் இதற்கு நீலகேசி சான்றாகும். முனிச்சந்திரரிடம் அறங்கேட்டு அதனை மேற்கொண்ட பின்னரே அவள் பிற சமயத்தாரோடு வாதிடச் செல்கின்றாள். அவர்தம் கோட்பாடுகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தே மறுக்கின்றாள். உறுதியும் ஆராய்ச்சியும் ஒருவரிடத்தே இயைதலை ஈண்டுக் காண்கின்றோம்.

வேற்றுமையும் கருதத்தக்கது. சமணர் ஏணியின் மேற்படிகளில் முற்றறிவு உண்டு. பெரியின் வகுப்பில் அத்தகைய முடிவு இல்லை. மேலேறுதற்குக் காரணம் சமணர்க்கு மோகனீய கன்மம் அடங்குதலும் கெடுதலும். பெரிக்குக் கல்விச்சூழல் எழுப்பும் வினாக்கள்.

கொள்கைகள் பலவற்றையும் எடுத்துரைத்த அளவில் ஆசிரியர் கடன் முடிந்துவிடாது. எல்லாம் ஒன்றே என்னும் சோர்வில் மாணவரை நிறுத்துதல் கல்வியும் அன்று, அனேகாந்தமும் அன்று.